ஆம்ப்ரோஸின் முப்பத்துநாலாவது வயது

ஆம்ப்ரோஸுக்கு வேலை போய்ப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினைந்து மாதத்தில் பதினெட்டு விண்ணப்பம் எழுதினார். ஒன்றுக்காவது பதில் வரவேண்டுமே, ஊஹூம். வேலை இல்லை போ என்று ஒரு வரி எழுதக்கூட எந்தத் துரைக்கும் கை வரவில்லை. 1932ஆம் வருஷத்துப் பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், தடுக்கி விழுந்தால் வேலை போன குமாஸ்தா ஒருவர் மேல்தான் விழவேண்டும், அப்படி இருந்தது நிலைமை. ராணுவத்தில் செலவைக் குறைக்கிறார்களாம். குறைக்கட்டும். அதற்கு இருபத்துமூன்று வருஷம் ஸப்ளை டிப்போவில் மாவு மூட்டைக்கும் வைக்கோல் கட்டுக்கும் பேரேடு எழுதிய ஆம்ப்ரோஸ்தானா கிடைத்தார் என்று நீங்கள் கேட்கலாம். அவரோடு சேர்த்து நாற்பது பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள்.

பிளாக்பள்ளியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் மூன்றாவது அவருடையது. மனைவி பிரிஜெட், எட்டு வயது மகள் மௌரீன். பிரிஜெட் கான்வென்டுக்குத் துணி தைத்துக் கொடுத்து அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் பெர்னார்ட் கோலார் தங்கவயலில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஆகஸ்டு கடைசியில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிஜெட்டையும் குழந்தையையும் செப்டம்பர் முடிவதற்குள் அனுப்பி வைக்கவும், ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். ஆம்ப்ரோஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் பெயர் எந்த மடிப்பிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி அவர் அதை மூன்று தரம் படித்தார். பிரிஜெட் ஒரே தரம் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்," என்றாள். "அதுக்குள்ள ஒண்ணு அமைஞ்சிட்டா நான் ஏங்க போறேன்?"

ஆக, கையில் இருந்தது ஒரு மாதம். வேலை கிடைத்தால் மூவரும் ஒரே கூரையின் கீழ். கிடைக்காவிட்டால் அவளும் குழந்தையும் அண்ணன் வீட்டில். இவர் எங்கே இருப்பது என்பதை அண்ணனும் எழுதவில்லை, தங்கையும் பேசவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் கோயில் வாசகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சவுத் பரேடில் ஹார்ட்லி அண்டு வெஸ்ட் என்று ஒரு பெரிய கடை. பட்டாளத்து மெஸ்களுக்கெல்லாம் சரக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டோர்ஸ் கிளார்க் தேவை. ராணுவ ஸ்டோர்ஸில் பழகியவராக இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேற்படாதவர் மட்டும் விண்ணப்பிக்கவும். நற்சான்றுகளின் நகலும் வயதுக்கு அத்தாட்சியும் இணைக்கப்பட வேண்டும். முப்பத்தைந்து என்ற அந்த ஒரு எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஆம்ப்ரோஸை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது. அவருக்கு நாற்பத்துமூன்று.

இருந்தாலும் மனம் கேட்கிறதா? விளம்பரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் சேஷகிரியிடம் போனார்.

சேஷகிரி ஒரு தையல்கடை மாடியில் இரண்டு டைப்ரைட்டர்களை வைத்து இன்ஸ்டிடியூட் நடத்தினான். பி.ஏ. படித்தவன், வயது இருபத்தெட்டு, பசவனகுடியிலிருந்து தினம் சைக்கிளில் வருவான். அப்பா மைசூர் சர்க்காரில் அமல்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைக்கு அந்த சர்க்காரில் ஒரு நாற்காலிகூட அகப்படவில்லை. தனக்கே வேலை கிடைக்காதவன் ஊருக்கெல்லாம் வேலை மனு அடித்துக் கொடுக்கிறானாக்கும் என்று சிரித்துவிட வேண்டாம். அந்த வருஷத்தில் மட்டும் அவன் அடித்த மனுவால் ஒன்பது பேருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதில் நான்கு பேர் உத்தியோகத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். தண்டு முழுக்க அதுதான் பேச்சு.

ஆம்ப்ரோஸ் தன் பதினெட்டாவது விண்ணப்பத்தின் நகலை எடுத்து நீட்டினார். முத்து முத்தான கையெழுத்து. சேஷகிரி படித்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடியும் முன்பக்கம் வந்தான்.

"இது மனுவா சார்? ஒப்பாரின்னா இது."

"கையெழுத்து நல்லா இருக்குன்னு டிப்போல எல்லாரும் சொல்லுவாங்க, அய்யர் சார்."

"கையெழுத்துக்கு என்ன, கண்ணுல ஒத்திக்கலாம். உள்ள என்ன எழுதியிருக்கேள்? உங்கள் நிழலில் ஒதுங்க ஏங்கும் ஏழைன்னு ஆரம்பிக்கறேள். உங்கள் தீர்க்காயுசுக்கு ஆண்டவனைப் பிரார்த்திப்பேன்னு முடிக்கறேள். துரை மேஜைல இருநூறு கவர் கெடக்கு. இருநூறு பேரும் அவன் ஆயுசுக்குப் பிரார்த்தனை பண்றா. அவன் எதுக்கு உம்ம கவரை எடுக்கணும்?"

ஆம்ப்ரோஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினெட்டு தரம் அந்தப் பிரார்த்தனையை அவர் மனசாரத்தான் எழுதியிருந்தார். சேஷகிரிக்கு வாய்தான் துடுக்கு, மற்றபடி நல்ல பையன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தன் சித்தாந்தத்தை விளக்க ஆரம்பித்தான். துரை படிப்பது முதல் மூன்று வரி. அந்த மூன்று வரிக்குள் எந்த வேலை, என்ன அனுபவம், எத்தனை வருஷம் என்பது வந்தாக வேண்டும். இடப்பக்கம் இரண்டு அங்குலம் வெறுமையாக விட வேண்டும், ஏனென்றால் துரைக்குச் சிவப்புப் பென்சிலால் கிறுக்க இடம் வேண்டும். கிறுக்க இடம் இருந்தால் கிறுக்குவான், கிறுக்கினால் ஞாபகம் வைத்துக்கொள்வான். தாளை நாலாக மடிக்கக் கூடாது, நீளக் கவரில் ஒரே மடிப்பு. நற்சான்று மூன்றுக்கு மேல் வைத்தால், ஆசாமி மூன்று இடத்தில் தாக்குப்பிடிக்காமல் துரத்தப்பட்டவன் என்று தோன்றும். இதையெல்லாம் சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. கேட்கிறவருக்கும் அது கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

"எல்லாம் சரிங்க. வயசுக்கு என்ன பண்றது?"

"அத்தாட்சி என்ன இருக்கு?"

"டிப்போ சர்வீஸ் புக்குல இருக்கு. அதை அவங்க தர மாட்டாங்க. தந்தாலும் அதுல நாப்பத்துமூணுன்னுதான் இருக்கும். மத்தபடி கோயில் ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கலாம்."

"வாங்கிண்டு வாங்கோ. பாப்போம்."

மறுநாள் ஆம்ப்ரோஸ் கோயில் ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்த வரிகளை அப்படியே லத்தீனில் பார்த்து எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார். சேஷகிரிக்கு லத்தீன் தெரியாது. ஆம்ப்ரோஸுக்குப் பூசையில் பாடுகிற லத்தீன் எல்லாம் மனப்பாடம், அர்த்தம் மட்டும் தெரியாது. இரண்டு பேரும் அந்தத் தாளின் மேல் குனிந்தார்கள்.

ஆகஸ்டு 15, 1898 என்பது புரிந்தது. 'அம்புரோசியும்' என்பது இவர் பெயர் என்பதும் புரிந்தது. அதையடுத்து இரண்டு சொற்கள், 'அன்னோரும் நோவெம்'.

சேஷகிரி மேஜையைத் தட்டினான்.

"சார், அன்னோ டோமினின்னா ஆண்டவன் வருஷம், கி.பி. அன்னோன்னா வருஷம். நோவெம்னா என்ன? நவம்பர். அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்ல பொறந்தவர்னு எழுதியிருக்கா. தொண்ணூத்தேழு நவம்பர்ல பொறந்த கொழந்தைக்குத் தொண்ணூத்தெட்டு ஆகஸ்டுல ஞானஸ்நானம். கணக்கு எப்படி டாண்ணு வர்றது பாருங்கோ. உமக்கு இப்ப முப்பத்துநாலு ஓய்."

ஆம்ப்ரோஸ் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை. அப்பா ஒரு கர்னல் வீட்டுச் சமையல்காரர். அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது குடும்பம் முழுக்கச் சேர்ந்தது. அந்த ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளில் தன் சொந்தக் காலால் நடந்து கோயிலுக்குப் போனதும், ஞானஸ்நானச் சடங்கில் சாமியார் நாக்கில் உப்பு வைத்தபோது துப்பப் போய் அம்மாவிடம் கிள்ளு வாங்கியதும் அவருக்கு நேற்று நடந்தது போல நினைவில் இருந்தது. அப்போது வயது ஒன்பது. நவம்பரில் பிறந்ததாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பங்குனி வெயில் என்றுதான் சொல்வாள்.

ஆனால் கோயில் காகிதம் நவம்பர் என்கிறது, முத்திரையோடு. அதை மறுக்க இவர் யார்? சாமியாரிடம் போய் இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதனால்தான் ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. பாவம் என்றால் பாவம், இல்லையென்றால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் ஒண்டிக்கொள்ள இடம் இல்லாமலா போய்விடும்?

"போடுங்க," என்றார்.

போட்ட பிறகுதான் தெரிந்தது, வயதைக் குறைப்பது என்றால் வயதோடு நிற்காது என்று. 1908இல் வேலையில் சேர்ந்தார் என்று எழுதினால் பதினோரு வயதில் சேர்ந்ததாக ஆகிவிடும். சேஷகிரி பென்சிலை எடுத்து ஒரு கோடு இழுத்தான். 1919இல் சேர்ந்ததாக இருக்கட்டும் என்றான். பதினோரு வருஷ சர்வீஸ் அப்படியே போயிற்று. அந்தப் பதினோரு வருஷத்தில்தான் ஆம்ப்ரோஸ் தொழில் கற்றுக்கொண்டார். அதில்தான் டிப்போ அதிகாரியான குவார்ட்டர்மாஸ்டர் டாசன் எழுதித் தந்த 1914ஆம் வருஷத்து நற்சான்று இருந்தது. 'என் இருபது வருஷ ராணுவ வாழ்க்கையில் இவரைப் போல நாணயமான குமாஸ்தாவைப் பார்த்ததில்லை' என்ற வரி அதில்தான் இருந்தது. சேஷகிரி அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"பிரமாதமான சர்டிபிகேட். ஆனா வைக்க முடியாது சார்."

"தெரியுது."

"இருபத்தொண்ணுல ஒரு கேப்டன் குடுத்தது, இருபத்தெட்டுல ஒண்ணு. ரெண்டு போறும்."

டாசனின் தாளை ஆம்ப்ரோஸ் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விண்ணப்பம் ஒரே பக்கத்தில் முடிந்தது. எந்த வேலை, என்ன அனுபவம், பன்னிரண்டு வருஷம், வயது முப்பத்துநாலு. அழுகை இல்லை, பிரார்த்தனை இல்லை. லத்தீன் சர்டிபிகேட்டையும் சேஷகிரி எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து நகல் அடித்து, அசலோடு சேர்த்து நீளக் கவரில் வைத்தான். தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தபோது ஆம்ப்ரோஸுக்கே அந்த ஆளை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றியது. யாரோ கெட்டிக்காரன், சின்ன வயசு, வாழ்க்கை முழுக்க அவன் முன்னால் கிடக்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும், ஜே. ஹார்ட்லி. பதினெட்டு தரம் வராத பதில். பிரிஜெட் அதை வாங்கி மாதா படத்தின் கீழ் வைத்தாள், பிறகு எடுத்து மறுபடியும் படித்தாள், பிறகு வைத்தாள்.

"மீசைல நரை இருக்குதுங்க," என்றாள் திடீரென்று.

"மை தடவிக்கவா?"

"வேர்த்தா வழியும். எடுத்துடுங்க."

இருபது வருஷத்து மீசையை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். மேலுதடு தோலுரித்த கிழங்கு மாதிரி வெளுத்துப் போய் இருந்தது. பிரிஜெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மௌரீன் யாரோ என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

புதன்கிழமை ஹார்ட்லி துரையின் அறை. மனுஷனுக்கு ஐம்பது வயது இருக்கும், சிவந்த முகம், ஒரு கால் கொஞ்சம் நொண்டி. மேஜை மேல் ஆம்ப்ரோஸின் விண்ணப்பம் மட்டும் தனியாகக் கிடந்தது. இடப்பக்கத்து வெறுமையில் சிவப்புப் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. சேஷகிரி சொன்னது அத்தனையும் பலித்துவிட்டது என்று ஆம்ப்ரோஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. துரை பேசியதெல்லாம் இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"உட்காரும் ஆம்ப்ரோஸ். இருநூற்றுப் பத்து விண்ணப்பம் வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லாதது உம்முடையது ஒன்றுதான். என் ஆயுளுக்காகப் பிரார்த்திக்காததும் உம்முடையது ஒன்றுதான்."

"நன்றி ஐயா."

"உமக்கு முப்பத்துநாலு வயது."

"ஆமாம் ஐயா."

துரை லத்தீன் சர்டிபிகேட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு குறும்பு இருந்தது.

"பள்ளிக்கூடத்தில் எனக்கு லத்தீன் வரவே வராது. எண்களைச் சொல்லச் சொல்வார்கள். செப்டெம், ஏழு. ஒக்டோ, எட்டு. அதற்கு மேல் தடுமாறுவேன், பிரம்படி விழும். அதனால் அடுத்தது எனக்கு மறக்கவே மறக்காது. நோவெம் என்றால் ஒன்பது, ஆம்ப்ரோஸ். அன்னோரும் நோவெம், வயது ஒன்பது. ஞானஸ்நானம் பெற்ற அன்று உமக்கு ஒன்பது வயது என்று உம்முடைய பாதிரியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நீரே என்னிடம் அனுப்பியிருக்கிறீர்."

ஆம்ப்ரோஸ் தன் கையாலேயே கவரை மடித்து, தன் நாக்காலேயே கோந்தை நனைத்து ஒட்டிய தாள் அது. நவம்பர் என்று நம்பியதாகச் சொல்லலாம். சொன்னால் துரை நம்பவும்கூடும். ஆனால் நாக்கில் உப்பு வைத்ததை நினைவு வைத்திருக்கிற மனிதன் எப்படிச் சொல்வான்?

"எனக்கு நாற்பத்துமூன்று ஐயா," என்றார். "1908இல் டிப்போவில் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் இல்லை, இருபத்துமூன்று வருஷம். வயது கூடிவிட்டது என்று வருஷத்தை அழித்தோம். மன்னிக்க வேண்டும்."

துரை பின்னால் சாய்ந்துகொண்டார்.

"காகிதத்தில் ஒன்று சொல்கிறீர், வாயால் ஒன்று சொல்கிறீர். எதை நான் நம்புவது? இப்போது இருபத்துமூன்று வருஷம் என்பதும் என் மனதை இளக்க ஒரு கதையாக இருக்கலாமே."

"கேட்டுப் பாருங்கள் ஐயா. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்."

துரை கொஞ்சம் யோசித்தார். யுத்தத்துக்கு முன்னால் அவரே பெங்களூரில் லெப்டினன்டாக இருந்தவர், 1911இல் குதிரைகளுக்குத் தீவனம் வாங்க அதே டிப்போவுக்கு வந்தவர். அதைச் சொல்லிவிட்டு, "அப்போது வைக்கோலை எங்கே எடை போட்டார்கள்?" என்று கேட்டார்.

"பின்பக்கம், கிணற்றடிக் கொட்டகையில். தராசின் இடது தட்டு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு பழைய குதிரை லாடத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். 1912இல்தான் புதுத் தராசு வந்தது."

"தீவனத்துக்கு எந்த நிறப் படிவம்?"

"பச்சை. இறைச்சிக்குச் சிவப்பு. பச்சை தீர்ந்துபோனால் வெள்ளைத் தாளில் மூலையில் பச்சை மையால் ஒரு கோடு போட்டுத் தருவோம். 1911இல் எல்லா ரெஜிமென்டுக்கும் அப்படித்தான் தந்தோம். அந்த வருஷம் அச்சகத்தில் தகராறு."

துரை மேஜையில் கையூன்றி முன்னால் குனிந்தார். "குவார்ட்டர்மாஸ்டர் யார்?"

"டாசன் ஐயா. கண்ணாடிக் கண். மத்தியானம் தூங்கும்போது அந்த ஒரு கண் மட்டும் திறந்திருக்கும். உள்ளே போக எல்லோருக்கும் பயம்."

ஹார்ட்லி துரை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். டாசனின் கண்ணை அவரால் மறக்க முடியவில்லையாம். ஒரு தரம் அந்தக் கண்ணைப் பார்த்து அரைமணி நேரம் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றாராம், மனுஷர் தூங்குகிறார் என்றே தெரியாமல். ஆம்ப்ரோஸும் சிரித்தார். கூடையில் பாதி எடை ஈர மண்ணாக வந்த காரட்டைப் பற்றி அவர் சொன்னார். மழையில் ரொட்டி வண்டி கவிழ்ந்ததைப் பற்றித் துரை சொன்னார். பியூன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டு பழைய ஸ்நேகிதர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான். கிடைத்துவிட்டது, ஆண்டவரே, கிடைத்துவிட்டது என்று ஆம்ப்ரோஸுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அழித்த பதினோரு வருஷமும் தானாக எழுந்து வந்து அவருக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவப்புப் பென்சிலை எடுத்து, விண்ணப்பத்தில் முப்பத்துநாலு என்பதை அடித்துவிட்டு மேலே நாற்பத்துமூன்று என்று எழுதினார்.

"நம்புகிறேன் ஆம்ப்ரோஸ். முழுக்க நம்புகிறேன். அந்தக் காலத்தில் டிப்போவில் இல்லாதவனுக்கு இதெல்லாம் தெரியாது. உமக்கு நாற்பத்துமூன்று வயதுதான்."

"ஆமாம் ஐயா."

"எங்கள் வரம்பு முப்பத்தைந்து."

ஆம்ப்ரோஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஏதாவது சொல்வார், ஆனாலும் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தார். துரை அப்படி ஆரம்பிக்கவில்லை. கூட்டாளி வெஸ்ட் சென்னையில் இருக்கிறார், வரம்பு வைத்தது அவர், அதை மீற இவருக்கு அதிகாரம் இல்லை என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். எழுந்து நின்று கை கொடுத்தார். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் ஆம்ப்ரோஸுக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கதவு வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. பிரிஜெட் அடுப்படியில் இருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அவரு அந்த ஒம்போதைக் காட்டினதும் நீங்களே ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்."

"ஒத்துக்காம முப்பத்துநாலுன்னே சாதிச்சிருந்தா?"

"பொய்யன்னு அனுப்பியிருப்பாரு."

"இப்ப?"

"இப்ப நாணயமானவன்னு அனுப்பிட்டாரு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் அலமாரிக்கு மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். மௌரீனின் பள்ளிக்கூட உடுப்பை மட்டும் தனியாக மடித்தாள். தங்கவயல் பள்ளிக்கூடத்தில் வேறு நிறமாக இருக்குமோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாதத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. தண்டு ஸ்டேஷனில் காலை வண்டி. மௌரீனுக்கு ரயிலில் போகிற சந்தோஷம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. அப்பா எப்ப வருவீங்க என்று கேட்டது. வேலை கிடைச்சதும் வந்துடுவேன் என்றார் ஆம்ப்ரோஸ். வேலை கிடைச்சா எப்படி வருவீங்க, வேலைக்குப் போகணுமே என்றது. குழந்தை கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் அதன் கன்னத்தைத் தட்டினார்.

பிரிஜெட் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நேத்து நான் டைப் அடிக்கிற அய்யரைப் போய்ப் பாத்தேங்க."

"நீயா? எதுக்கு?"

"வேற எதாவது இருக்குமான்னு கேக்கத்தான். ஒண்ணு இருக்குதாம். ஹெப்பால் தாண்டி ஒரு காப்பித்தோட்டக் கம்பெனிக்குக் கோடவுன் கட்டியிருக்காங்களாம். கணக்கும் பாக்கணும், ராவும் பகலும் அங்கேயே தங்கிக் காவலும் பாக்கணும். வயசு ஒண்ணும் கேக்கலையாம்."

"அப்புறம் என்ன? போட்டுடலாமே."

அவள் மடியிலிருந்த நூலிழை ஒன்றை எடுத்து வெளியே போட்டாள்.

"தங்கறதுக்கு ஒரே ஒரு சின்ன ரூமாம். குடும்பஸ்தன் வேணாமாம். பொண்டாட்டி புள்ளை இருந்தா ஓடி ஓடி வீட்டுக்குப் போயிடறானாம். கலியாணமாகாத ஆளா இருக்கணுமாம்."

கார்டு விசில் ஊதினான்.

"ஆகலைன்னு போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள் பிரிஜெட். "அதுக்குத் தாள் ஒண்ணும் வைக்க வேண்டாமாம். வாயால சொன்னா போதுமாம், அய்யர் சொன்னாரு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

வண்டி நகர்ந்தது. அவள் மௌரீனைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முகம் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆம்ப்ரோஸ் கமர்ஷியல் ஸ்ட்ரீட் மாடிப்படி ஏறினார். சேஷகிரி அன்றைக்கு ஓய் என்று கூப்பிடவில்லை, சித்தாந்தம் எதுவும் பேசவில்லை. தாளை மெஷினில் சொருகி, இரண்டு அங்குலம் விட்டு அடிக்க ஆரம்பித்தான். பெயர் அடித்தான். வயது நாற்பத்துமூன்று என்று அடித்தான். சர்வீஸ் இருபத்துமூன்று வருஷம் என்று அடித்தான். பிறகு விரலை எடுத்துவிட்டு, ஆம்ப்ரோஸைப் பார்க்காமல், தாளையே பார்த்தபடி கேட்டான்.

"கல்யாணம், சார்?"

"ஆகலை," என்றார் ஆம்ப்ரோஸ்.